சிவகாசி வட்டாரத்தில் உழைக்கும் சிறாருக்கான கல்விமுறைகள்

சிவகாசி வட்டாரத்தில் உழைக்கும் சிறாருக்கான கல்விமுறைகள் என்பது விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளில் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளுக்குச் சென்றுவந்த சிறுவர் சிறுமியரைப் பள்ளிக்குக் கொண்டுவரவும், வந்தவர்களுக்கு ஏற்றவாறு கற்பிக்கவும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளைக் குறிக்கும். இரவுப் பள்ளி, முறைசாராக் கல்வி, தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளி, செயல்வழிக் கற்றல், இல்லம் தேடிக் கல்வி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு துறைகளால் தொடங்கப்பட்டவை. எனினும், குழந்தையின் காலைப்பொழுது பள்ளிக்குரியதா, பட்டறைக்குரியதா என்ற ஒரே வழக்கு இவை அனைத்திலும் தொடர்ந்து வருகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் கல்வி வரலாற்றைப் படிப்பவர்களுக்கு ஒரு முரண் தென்படும். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் தமிழ்நாட்டின் முதலிடத்தை இம்மாவட்டம் நீண்ட காலம் தன்வசம் வைத்திருந்தது. அதே காலத்தில்தான், குழந்தைத் தொழிலாளர் என்றாலே இந்தியா முழுவதும் சிவகாசியின் பெயர் சொல்லப்பட்டது. இரண்டும் உண்மை. தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. தேர்வறை வரை வராதவர்கள் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

பிடியரிசிப் பள்ளி

விருதுநகரின் பழைய பெயர் விருதுபட்டி. கரிசல் மண்ணும் குறைந்த மழையும் கொண்ட இந்த வானம் பார்த்த பூமியில் வணிகமே பிழைப்பாயிற்று. வணிகர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என்ற பெயரில் பொது நிதிக்குக் கொடுத்துவந்தனர். கோயில், கிணறு, சத்திரம் ஆகியவற்றுக்குப் பயன்பட்ட இந்த நிதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்விக்கும் திரும்பியது. 1880களில் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி எழுந்த பள்ளியாகும். வீடுதோறும் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுவைத்து, அதைத் திரட்டி விற்றுப் பள்ளிச் செலவுக்குக் கொடுத்தனர். ஆகவே அது ‘பிடியரிசிப் பள்ளி’ எனப்பட்டது.

1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்த காமராசர் முதலில் ஏனாதி நாயனார் வித்யாலயாவிலும் பின்னர் இந்தப் பள்ளியிலும் படித்தார். ஆறு வயதில் தந்தையை இழந்த அவர், ஆரம்ப வகுப்புகளைக் கடந்த சிறிது காலத்திலேயே படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பள்ளி அருகில் இருந்தது, சம்பளமும் பெரும் சுமையாக இல்லை, ஆசிரியரும் இருந்தார். ஆனாலும் சிறுவன் கடைக்குப் போனான். வீட்டுக்கு ஒரு சம்பாத்தியம் தேவைப்பட்டதே காரணம். இந்த வட்டாரத்தில் பின்னாளில் தோன்றிய ஒவ்வொரு கல்வித் திட்டமும் இதே காரணத்தோடுதான் மோத வேண்டியிருந்தது.

தீப்பெட்டி ஆபீஸ்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. 1940களில் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. இவ்விரண்டுக்கும் வேண்டிய சீட்டுகளையும் உறைகளையும் அச்சிட அச்சுத் தொழில் பெருகியது. வறண்ட காற்றும் மழையற்ற மாதங்களும் வேளாண்மைக்குப் பகையாக இருந்தன. மருந்தை உலர்த்தும் தொழிலுக்கு அவையே மூலதனமாக அமைந்தன. இப்பகுதி மக்கள் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘பயர் ஆபீஸ்’ என்றே சொல்வர்.

தொழில் பெரும்பாலும் இயந்திரம் இல்லாமல் கையாலேயே நடந்தது. தீக்குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாதபடி சட்டத்தில் வரிசையாக அடுக்கினால்தான் அவற்றின் முனைகளை மருந்தில் முக்க முடியும். இந்த அடுக்கும் வேலை, பெட்டி ஒட்டுதல், சீட்டு ஒட்டுதல், பெட்டியில் குச்சி நிரப்புதல் ஆகியவை சிறுவர்களிடம், அதிலும் சிறுமிகளிடம் விடப்பட்டன. பட்டாசில் காகிதக் குழாய் உருட்டுதல், சரம் பின்னுதல் போன்ற வேலைகள் இருந்தன. கூலி நாள் கணக்கில் இல்லாமல், முடித்த எண்ணிக்கைக்கு ஏற்ப வழங்கப்பட்டது. சிறு விரல்களே இதற்கு வாகானவை என்று ஒரு வாதம் சொல்லப்பட்டதுண்டு. பிற்காலத்தில் இயந்திரம் வந்தபோது இதே வேலையை விரலே இல்லாமல் செய்து காட்டியது. எனவே அந்த வாதத்தில் இருந்தது விரலின் சிறப்பன்று, கூலியின் மலிவுதான்.

சுற்றுப்புறக் கிராமங்களுக்கு ஆபீஸ் பேருந்துகள் விடியுமுன் வந்து குழந்தைகளை ஏற்றிச்சென்றன. மாலை இருட்டிய பின்னரே அவர்கள் வீடு திரும்பினர். பெற்றோர் முன்பணம் வாங்கியிருந்தால் அது தீரும்வரை பிள்ளையை நிறுத்த இயலாது. காலை ஒன்பதரைக்கு ஆசிரியர் மணியடிக்கும்போது அந்தக் குழந்தை பல மணி நேர வேலையை முடித்திருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது.

மூன்று மணி நேரப் பள்ளியும் மதிய உணவும்

1953இல் சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பில் இருப்பர், மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பழகுவர் என்பது அதன் சாரம். பள்ளிகள் போதாமையால் ஒரே கட்டடத்தில் இரு முறை வகுப்பு நடத்தலாம் என்பது அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. எதிர்ப்பாளர்கள் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இத்திட்டம் பற்றிய விவாதம் பெரும்பாலும் சாதியை மையமாகக் கொண்டே பேசப்படுகிறது. அது சரியானதே. சிவகாசியின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். குழந்தையின் நாளில் பாதியைத் தொழிலுக்கு விட்டுக்கொடுத்தால், எஞ்சிய பாதியும் தொழிலுக்கே போகும் என்பதை இவ்வூர் அறிந்திருந்தது. காந்தியடிகள் 1937இல் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் கல்வியின் வாயிலாக வைக்கப்பட்டது. நூல் நூற்கும் பிள்ளை அதன் வழியே கணக்கும் நிலவியலும் கற்கும். கூலிக்குக் குச்சி அடுக்கும் பிள்ளைக்கு அப்படி எதுவும் நேர்வதில்லை. கையுழைப்பு கல்வியாக வேண்டுமானால் அங்கு அவசரம் இருக்கக் கூடாது. எண்ணிக்கைக் கூலியோ அவசரத்தின் மறுபெயர்.

காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு புதிய தொடக்கப் பள்ளிகள், மதிய உணவு, சீருடை, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஆகியவை வந்தன. காமராசர் 1957, 1962 தேர்தல்களில் வெற்றிபெற்ற தொகுதி சாத்தூர் ஆகும். அதாவது, தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த பகுதியே முதலமைச்சரின் தொகுதியாக இருந்தது. மதிய உணவு பல ஆயிரம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சோறு மதியம் கிடைத்தது, ஆபீஸ் பேருந்தோ விடியுமுன் வந்தது. இந்த இடைவெளி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடைபடவில்லை.

தொழில் வளர்த்தவர்கள் கல்விக்கு எதிரானவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும் தோன்றின. கல்லூரிக்கான கொடை தாராளமாக வந்தது. தொடக்கப் பள்ளிக்கு வேண்டியிருந்ததோ கொடை அன்று, வேலைக்கு அழைக்காதிருத்தல்.

இரவுப் பள்ளி

1976இல் ஆபீசுக்குக் குழந்தைகளை ஏற்றிச்சென்ற வண்டி ஒன்று விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஹர்பன்ஸ் சிங் தலைமையில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராயச் செய்தது. 1983இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, சுமார் 45,000 குழந்தைகள் இத்தொழில்களில் இருப்பதாக மதிப்பிட்டு நாட்டின் கவனத்தைத் திருப்பியது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படமும் குறிப்பிடத்தக்கது. குட்டி ஜப்பான் என்பது சிவகாசியின் தொழில் சுறுசுறுப்பைப் பாராட்டி வழங்கிய பெயர்.

பகலில் வர முடியாத பிள்ளைக்கு இரவில் கற்பிக்கலாம் என்பது அன்றைய பொது விடையாக இருந்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முறைசாராக் கல்வி மையங்களுக்கு மிகுந்த இடம் கொடுத்தது. வேலை செய்யும் சிறாருக்கு மாலையிலோ இரவிலோ இரண்டு மணி நேர வகுப்பு, சுருக்கிய பாடத்திட்டம், ஊரிலேயே படித்த ஒருவர் ஆசிரியர் என்பது இதன் அமைப்பு.

இரவுப் பள்ளியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு சிம்னி விளக்கின் கீழ் கையெழுத்துப் போடக் கற்றவர்கள் இன்றும் பலர் உள்ளனர். எனினும் நாளெல்லாம் குனிந்து குச்சி அடுக்கிய பத்து வயதுப் பிள்ளை இரவு ஏழு மணிக்குப் பாடத்தைக் கவனிக்கும் என்று எதிர்பார்ப்பது, கற்பித்தல் முறையைப் பற்றிய பிழை அன்று, உடலைப் பற்றிய பிழை. கண் சொருகும் பிள்ளைக்கு எந்தப் புதிய முறையும் உதவாது. அதைவிடப் பெரிய குறை ஒன்றிருந்தது. இரவில் பள்ளி இருப்பதே பகலில் வேலை இருப்பதற்கு நியாயமாகிவிட்டது.

இக்கருத்தை இருவர் வலுவாக முன்வைத்தனர். அமெரிக்க அரசியலறிஞர் மைரன் வீனர் 1991இல் வெளியிட்ட இந்தியக் குழந்தையும் அரசும் பற்றிய நூலில், குழந்தை உழைப்பை ஒழிக்க வறுமை நீங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கட்டாயக் கல்வியே முதல் கருவி என்று வாதிட்டார். சிவகாசி அந்நூலில் விரிவாக இடம்பெற்றுள்ளது. ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்காவின் எம்.வி. பவுண்டேஷன், பள்ளிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளியே என்று வரையறுத்தது. இரவு வகுப்புகளை ஏற்காமல், சில மாத உறைவிட முகாமில் தயார்செய்து முழுநேரப் பகல் பள்ளியிலேயே பிள்ளைகளைச் சேர்த்தது.

சட்டமும் தீர்ப்பும்

1986இல் குழந்தைத் தொழிலாளர் (தடுப்பு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு உற்பத்தி ஆகியவை 14 வயதுக்குட்பட்டோர் செய்யக் கூடாத வேலைகளின் பட்டியலில் இருந்தன. ஆனால் குடும்பத்தார் உதவியுடன் வீட்டில் செய்யும் வேலைக்குச் சட்டம் விலக்களித்தது. பெட்டி ஒட்டும் வேலை ஆபீசிலிருந்து வீட்டுத் திண்ணைக்குப் போக இந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

வழக்கறிஞர் எம். சி. மேத்தா சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. இடையில் ஒரு பட்டாசு விபத்தில் 39 பேர் இறந்த செய்தியையும் நீதிமன்றம் தானாகக் கவனத்தில் கொண்டு, வழக்கறிஞர்கள் ஆர். கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே. சி. துவா ஆகியோரை நேரில் பார்த்து அறிக்கை தரச் செய்தது. 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. அபாயகரமான வேலையில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாயை அரசு அந்த நிதியில் சேர்க்க வேண்டும். இந்த 25,000 ரூபாயின் வட்டி குழந்தை பள்ளிக்குச் செல்லும்வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளையால் வீடு இழக்கும் கூலி என்று ஒன்று உண்டு என்பதையும், அதை யாராவது ஈடுசெய்ய வேண்டும் என்பதையும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது இத்தீர்ப்பின் சிறப்பு.

சிறப்புப் பள்ளிகள்

1987ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கையைத் தொடர்ந்து 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்ட சில இடங்களுள் தீப்பெட்டித் தொழிலுக்காகச் சிவகாசியும் ஒன்று. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட சங்கம் ஒன்று இதை நடத்தியது. வேலையிலிருந்து மீட்ட 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். ஒரு பள்ளிக்குச் சுமார் 50 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு தொழிற்பயிற்றுநர், மதிய உணவு, மருத்துவப் பரிசோதனை, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை என்பது பொது அமைப்பு. உதவித்தொகை பின்னர் 150 ரூபாயாகவும், 2017இல் 400 ரூபாயாகவும் உயர்ந்தது. இது பிள்ளையின் பெயரில் கணக்கில் சேர்க்கப்பட்டது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்புக்குத் தயார்செய்து வழக்கமான பள்ளிக்கு அனுப்புவது நோக்கம்.

இங்கேதான் கற்பித்தல் முறை என்ற கேள்வி உண்மையில் எழுந்தது. பத்து வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வரும் சிறுமி எழுத்தறியாதவள், ஆனால் உலகம் அறியாதவள் அல்லள். கூலி வாங்கியவள், தம்பியை வளர்த்தவள், பேருந்துக்கு எழுந்தவள். அவளிடம் ‘அணில்’, ‘ஆடு’ என்ற முதல் வகுப்புப் புத்தகத்தை நீட்டுவது அவளைச் சிறுமைப்படுத்துவதாகும். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு அவளை முதல் வகுப்பில் உட்காரவைத்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடுவாள். ஆகவே வகுப்பு என்ற பிரிவைத் தளர்த்தி, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பாட்டு, கதை, விளையாட்டு ஆகியவற்றுக்கு இப்பள்ளிகளில் அதிக இடம் கிடைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளையாடியே பழகாத பிள்ளைகள் அவர்கள்.

எழுத்தைக் கற்பிக்கும் வரிசையை மாற்றலாம் என்ற துணிவை அறிவொளி இயக்கம் கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பரவிய இந்த இயக்கத்தின் பாடநூல் அ, ஆ என்று தொடங்காமல் ‘பட்டா’, ‘படி’ போன்ற சொற்களில் தொடங்கியது. கற்பவரின் வாழ்க்கையில் பொருள் உள்ள சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்லும் இந்த வழி, பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெயரின் சிந்தனையோடு உறவுடையது. முதியோருக்காக உண்டானாலும், பிந்தி வந்த பிள்ளைக்கும் அது பொருந்தியது.

கை அறிந்த கணக்கு

கணிதத்தில் நிலைமை இன்னும் சுவையானது. தீப்பெட்டித் தொழிலின் அளவு குரோஸ், அதாவது 144 பெட்டி. குரோஸ் கணக்கில் கூலி வாங்கும் பிள்ளைக்கு எத்தனை டசன் ஒரு குரோஸ், அரைக் குரோசுக்கு எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் வாய்க்கணக்கு. அதே பிள்ளையிடம் பலகையில் 12ஐ 12ஆல் பெருக்கு என்றால் விழிக்கும்.

இது சிவகாசிக்கு மட்டும் உரியதன்று. பிரேசிலின் ரெசிபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர்களை டெரெசின்யா கராஹர் முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். கடையில் வாங்குபவர்போல் நின்று கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டுக்கு அச்சிறுவர்கள் சரியான விடை சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் எண்களாக எழுதித் தந்தபோது சரியான விடை 37 விழுக்காடு மட்டுமே. கணக்கு தெரியாத பிள்ளை என்று ஆசிரியர் முடிவுகட்டியவரில் பலர், எழுத்துக் கணக்கு தெரியாதவர்கள் மட்டுமே என்பதை இந்த ஆய்வு காட்டியது. நல்ல சிறப்புப் பள்ளி ஆசிரியர் இதை ஆய்வு படிக்காமலே கண்டுகொள்வார். குரோசில் தொடங்கிப் பன்னிரண்டாம் வாய்பாட்டுக்கும் பின்னத்துக்கும் போவார்.

ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. வழக்கமான பள்ளி ஆசிரியரைவிடக் கடினமான வேலையைச் செய்த சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கிடைத்தது ஊதியம் அன்று, மதிப்பூதியம். அதுவும் மத்திய அரசின் நிதி வருவதைப் பொறுத்தது. பணி நிரந்தரமும் இல்லை. மாவட்டத்தின் கல்வி வரலாற்றில் அவர்கள் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

2000களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இந்திய, அமெரிக்க அரசுகளும் இணைந்து நடத்திய இண்டஸ் திட்டத்தில் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களுள் விருதுநகரும் ஒன்றாக இருந்தது. மீட்கப்பட்ட சிறாருக்கு இடைக்காலக் கல்வி மையம், 14 வயதைக் கடந்தவர்க்குத் தொழிற்பயிற்சி, தாய்மார்க்குச் சுயஉதவிக் குழு என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தது இதன் தனித்தன்மை.

சிறப்புப் பள்ளியிலிருந்து பொதுப் பள்ளிக்கு

சிறப்புப் பள்ளிகளின் அனுபவம் அவற்றோடு முடியவில்லை. வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட சிறாருக்கான பள்ளிகளில் தொடங்கிய சோதனைகளே செயல்வழிக் கற்றலின் வேர்களில் ஒன்று. அங்கு ஆட்சியராக இருந்த எம். பி. விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 பள்ளிகளில் இம்முறையைத் தொடங்கினார். 2007இல் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. டேவிட் ஆர்ஸ்பரோ கர்நாடகத்தில் நடத்திய நீல்பாக் பள்ளியும், ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளும் இதன் முன்னோடிகள்.

செயல்வழிக் கற்றலில் பாடநூல் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகளின் வரிசை ஏணிப்படியாகச் சுவரில் தொங்கியது. அணில், மயில் என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சின்னம். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவின் பாயில் அமரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் முழுத் துணை, இன்னொன்றுக்குச் சிறிதளவு துணை, வேறொன்றில் முன்னே சென்ற பிள்ளை பின்னே வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கும். சுவரின் அடியில் ஒவ்வொருவருக்கும் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் படங்கள். நான்கு நாள் வராத பிள்ளை ஐந்தாம் நாள் வந்தால் விட்ட படியிலிருந்து தொடரலாம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வருகை சரியும் சிவகாசிக் கிராமப் பள்ளிகளுக்கு இந்த ஒரு கூறு எவ்வளவு உதவியானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பது புதியது என்று அப்போது பேசப்பட்டது. அது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கம், சட்டாம்பிள்ளை முறை. 1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதையும் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பதையும் எடுத்தாண்டு ஒரு முறையாக்கினார். 1797இல் அவர் எழுதிய சிறுநூலின் வழியாக அது இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்று புகழ்பெற்று, அங்கிருந்து கரீபியன் தீவுகளில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்கள் வரை சென்றது. அங்கு அது மனப்பாடத்துக்கும் ஒழுங்குக்கும் மலிவான கருவியாகிப்போனது. ஒரே முறை, அதைக் கையாளும் நோக்கத்தைப் பொறுத்து இருவேறு பள்ளிகளை உண்டாக்கும்.

செயல்வழிக் கற்றலுக்கும் குறைகள் இருந்தன. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் ஆறு குழுக்களைக் கவனிப்பது இயலாத காரியம். அட்டைகள் கிழிந்தன, மாற்று அட்டைகள் வரவில்லை. புத்தகம் இல்லாத படிப்பு என்ன படிப்பு என்று பெற்றோர் கேட்டனர். ஏணிப்படியில் மேலேறிய பிள்ளை சரளமாக வாசிக்கவில்லை என்ற குறையும் சொல்லப்பட்டது. பின்னர் முறை எளிமையாக்கப்பட்டு, 2012–13இல் வந்த முப்பருவப் பாடநூலோடு இணைக்கப்பட்டது. பிந்தி வந்த பிள்ளை வெட்கமின்றி உட்கார ஓர் இடம் தந்த முறை என்ற அளவில் அதற்கு உரிய மதிப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை.

பிந்தைய நிலை

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி செல்லாப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழிலிலும், 18 வயதுக்குட்பட்டோரை அபாயகரமான தொழிலிலும் அமர்த்துவதைத் தடைசெய்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் பின்னர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட, தனிச் சிறப்புப் பள்ளிகள் மூடப்பட்டன. தீப்பெட்டியில் இயந்திரங்கள் வந்தன. தொழிற்சாலைக்குள் சிறு பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருக்கும் காட்சி இன்று இல்லை. இதற்குச் சட்டம், வழக்கு, பள்ளி, இயந்திரம் ஆகிய நான்கும் காரணம். எந்த ஒன்றும் தனியாக இதைச் செய்யவில்லை.

பட்டாசு ஆலைகளில் வேலை செய்யும் தாய்மார் இன்றும் அதிகாலையில் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024இல் காமராசர் பிறந்தநாளான ஜூலை 15 அன்று கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. மதிய உணவு எட்டாத அந்தக் காலைப்பொழுதைப் பள்ளி அப்போதுதான் தன் கையில் எடுத்துக்கொண்டது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, ஊர்ச் சாவடியிலோ வீட்டு முற்றத்திலோ, உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் இருபது பிள்ளைகளுக்குப் பாட்டும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். தன்னார்வலரில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 2022 முதல் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. இல்லம் தேடிக் கல்வியின் நேரம், இடம், ஆசிரியர் மூன்றும் ஏறத்தாழ பழைய இரவுப் பள்ளியினுடையவை. வேறுபாடு, வந்து அமர்ந்த பிள்ளைகள் பகல் முழுவதும் பள்ளியில் இருந்துவிட்டு வந்தவர்கள் என்பதே.